பெயர்க்கல்லும் வினைப்பயனும்



1789-இல் அந்தமானில் குடியேற்றம் நிறுவிய ஆர்ச்சிபால்ட் பிளேயரின் பெயரால் வழங்கிவந்த போர்ட் பிளேயர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. "அந்நியன் பெயர் ஒழிந்தது, சோழன் புகழ் நிலைத்தது" என்று நம் இளைஞர் சிலர் மகிழ்கின்றனர். "சோழன் மட்டும் குற்றமற்றவனோ?" என்று வேறு சிலர் வினவுகின்றனர். இவ்வழக்கைத் தம்மத்தின் துலாக்கோலில் இட்டுப் பார்ப்போமாக.

ஸ்ரீவிஜயம் கடல் கடந்த பௌத்த அரசு. அதன் மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அக்கொடையை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஆயினும் அவன் மைந்தன் இராசேந்திரனின் கப்பற்படை 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின்மீது பாய்ந்தது. வறுமையால் நலிந்தோர் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதையும் சோழர் காலக் கல்வெட்டுகளே கூறுகின்றன. அவர்தம் வழிவந்தோர் நம்முள்ளும் இருக்கலாம். கொடையும் உண்மை, கொடுமையும் உண்மை.

அமெரிக்கரும் இவ்வாறே வாதிடுகின்றனர். மாந்தர் யாவரும் சமம் என்று 1776-இல் எழுதிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். "அது அக்காலத்து வழக்கம்" என்பர் சிலர். அவருக்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே, மனிதரை விற்கும் வாணிகம் உபாசகனுக்கு ஆகாது என்று பகவான் புத்தர் விலக்கிவிட்டார். ஆதலின் காலத்தின்மேல் பழிபோடுதல் பொருந்தாது.

நம் அசோகரையும் நோக்குவோம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மடிந்ததையும், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டதையும் அவர் வருத்தத்தோடு பாறையில் பொறித்தார். ஆனால் கலிங்கத்துப் பாறைகளில் அச்சாசனம் இல்லை. நம்மவர் என்பதற்காக இதனை மறைத்தல் தகாது. நல்வினை தீவினையை அழித்துவிடாது. தீவினையும் நல்வினையைப் பொய்யாக்காது. இரண்டையும் உள்ளவாறு காண்பதே நற்காட்சி.

1858 முதல் அந்தமானில் காடு வெட்டியவர் விலங்கிட்ட கைதிகள். 1906-இல் முடிவுற்ற செல்லுலர் சிறையைக் கட்டியவரும் கைதிகளே. ஊர்ப்பெயர் எதுவாயினும் அவ்வுழைப்பு மாறாது. நூற்றாலையில் உழைத்த காலத்தில் நாமும் கண்டோம்: வாயிற்கல்லில் முதலாளியின் பெயர் இருந்தது, நூல் நூற்றவர் பெயர் எங்கும் இல்லை.

வரும் பௌர்ணமியில் பெயரறியா அவ்வுழைப்பாளரை நினைந்து மைத்திரி செலுத்துவோம். நமக்காக உழைப்போரின் கூலியை நிறைவாய்க் கொடுத்தோமா என்று நம் நெஞ்சையும் கேட்போம். முன்னோரை எடைபோடும் துலாக்கோலில் நாமும் ஏறவேண்டுமன்றோ?

எல்லா உயிர்களும் நலமுறுக! நமோ புத்தாய!