யாருடைய சொல்

வந்தவன் சுரண்டிவிட்டுத் திரும்பிப் போகாமல், நிலத்தையே தனதாக்கிக்கொண்டு தங்கிவிடுவது குடியேற்றக் காலனியம். இதை ஆராய்ந்து ஒருவர் பேராசிரியராகலாம். புத்தகம், மாநாடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அடுத்தவன் இழப்பு இவருக்கு உத்தியோகம். இதிலுள்ள தார்மீகப் பிரச்னையை ஆராய்ச்சியாளரின் நல்லெண்ணத்தில் தேடுவது வழக்கம். அது அங்கே இல்லை என்றே எனக்குப் படுகிறது.

எடி மாபோ 1936ல் டோரஸ் நீரிணையிலுள்ள மெர் தீவில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவில், டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரர். அங்கே நூலகத்தில் உட்கார்ந்து, 1898ல் ஹாடன் தலைமையில் கேம்பிரிட்ஜிலிருந்து போன குழு தம் ஜனங்களைப் பற்றி எழுதிய அறிக்கைகளை வாசித்தார். தம் பாட்டன்மாரைப் பற்றி, அந்நியன் பாஷையில். 1970களில் ஒருமுறை, அங்கே சரித்திரம் கற்பித்த ஹென்றி ரெய்னால்ட்ஸ், நோயல் லூஸ் இருவரிடமும் மெர்ரிலுள்ள தம் நிலத்தைப் பற்றிப் பேசினார். சட்டப்படி அது அரசுடைமை என்பதை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அவரால் நம்ப முடியவில்லை.

1982ல் வழக்கு. தீவுக்காரர்கள் தங்கள் பரம்பரையைச் சொன்னபோது, செவிவழிச் செய்தி என்று குவீன்ஸ்லாந்து அரசுத் தரப்பு திரும்பத் திரும்ப ஆட்சேபித்தது. 1990ல் விசாரணை நீதிபதி மாய்னிஹன், மாபோ தமக்கென்று கோரிய நிலங்களுக்கான அவர் சாட்சியத்தை ஏற்கவில்லை. ஹாடன் குழுவின் அறிக்கைகளோ சான்றாக வந்தன. அந்தக் குழுவில் ரிவர்ஸ் எழுதிக்கொண்ட வம்சாவளிகளும் இதே தீவுக்காரர்கள் வாயால் சொன்னவைதான். வெள்ளைக்காரன் நோட்டில் ஏறியதும் செவிவழிச் செய்தி ஆவணமாகிவிட்டது. அடமானப் பத்திரம் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இதில் ஆச்சரியமில்லை. உழுகிறவன் வாய்ச்சொல்லை எந்த வங்கி ஈடாக வைத்துக்கொண்டது?

அதற்காக, வெளியார் விலகட்டும் என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. ரெய்னால்ட்ஸ் 1987ல் 'தி லா ஆஃப் தி லேண்ட்' எழுதினார். அதில் அவர் துருவியது ஆதிக்குடிகளை அல்ல. 1830களில் லண்டன் காலனி அலுவலகமே அவர்களது நில உரிமையை ஒப்புக்கொண்டிருந்ததையும், அது எப்படி மறைந்துபோனது என்பதையும். தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்கிற காரியம் இது. உத்தியோகத்துக்கு நியாயம் உண்டென்றால் இங்கேதான் இருக்க வேண்டும்.

1992 ஜூன் 3ல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற புனைவைத் தள்ளியது. மாபோ அந்த ஜனவரியிலேயே செத்துப்போயிருந்தார். 2008ல் பல்கலைக்கழக நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஹாடன் தொகுதிகளை அங்கே எந்தத் தலைப்பின் கீழ் அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை.