ரெடிமேட் மலிவாக இருக்கும்போது வீட்டில் தைப்பது வீண்விரயமா?

 

தையல் பழகும் சகோதரிகள் கேட்கும் கேள்வி இது. "பழைய பேப்பரில் அளவு வரைந்து வெட்டி, நானே சுடிதார் தைக்கிறேன் ஹஸ்ரத். துணி, லைனிங், நூல் எல்லாம் கணக்குப் பார்த்தால் கடையில் ரெடிமேடே மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு நாள் உழைப்பு வேறு. இது வீண்விரயத்தில் சேருமா?"

சேராது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸபா அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களைப் பற்றி வருகிறது. அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்தான். போர்க் கவசம் செய்யச் சொன்னான். அதன் வளையங்களை அளவாகக் கோர்க்கும்படியும் கட்டளையிட்டான். கவனியுங்கள். இரும்பை மெழுகாக்கித் தந்தவனுக்குக் கவசத்தையே ஆயத்தமாக இறக்கித் தருவது பெரிய காரியமா? தரவில்லை. அளவெடுக்கும் வேலையை ஒரு நபியின் கையில் விட்டான். தம் கை உழைப்பில் உண்டவர் என்று தாவூத் (அலை) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்து சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அளவு பார்த்து ஒன்றைச் செய்வதில் செலவாகும் நேரத்தை வீண் என்று எப்படிச் சொல்வது?

இப்போது மலிவுக்கு வருவோம். பேப்பரை விரித்து, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டி, கழுத்துக்குப் பட்டி வைத்துத் தைத்துப் பாருங்கள். கை சேரும் இடத்து வளைவு சரியாக உட்காராது. பிரிப்பீர்கள், மறுபடி தைப்பீர்கள். கடையில் தொங்கும் உடுப்புக்கும் இதே கழுத்து, இதே கை, இதே ஓரம் உண்டு. அங்கே மிஷின் வேகமாக ஓடும், ஒருவர் கழுத்தை மட்டும், ஒருவர் கையை மட்டும் தைப்பார். ஆனாலும் துணியைப் பிடித்துத் திருப்ப ஒரு மனிதக் கை வேண்டும். நமக்கு மிச்சமானதாகத் தோன்றும் நேரத்தை வேறொருவர் கொடுத்திருக்கிறார். அவருக்கு என்ன கிடைத்தது?

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. இறந்தவர்கள் 1,100 பேருக்கும் மேல். பாதிக்கு மேல் பெண்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே ஆடை தைப்பவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தைத்ததெல்லாம் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் உடுப்புகள். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தக் கூலியைக் குறைத்ததால் வந்த விலையைப் பார்த்து, வீட்டில் தைப்பதை வீண் என்று எப்படி முடிவு கட்டுவது?

அதற்காக ரெடிமேட் வாங்குவது கூடாது என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். வாங்குவது ஆகுமானது. வீட்டில் தைப்பவரும் இந்தக் கணக்குக்கு வெளியே போய்விடுவதில்லை. அந்தத் துணியையும் யாரோ நூற்று, நெய்து, சாயம் போட்டுத்தானே கொடுத்தார்கள்? நான் தைத்துப் போடுகிறேன், நீ வாங்கிப் போடுகிறாய் என்று பெருமையடிக்க இதில் இடமில்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "ஹஸ்ரத் சொல்லிவிட்டார், இனி பிள்ளைகளுக்கு நீதான் தைக்க வேண்டும்" என்று மனைவியிடம் சொல்லாதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. தம் ஆடையை, தாமே! நம்மில் எத்தனை பேருக்குச் சட்டைப் பித்தானை வைத்துத் தைக்கத் தெரியும்?

தைக்கத் தெரிந்தவருக்குத் தையல்காரரின் அருமையும் தெரியும். ரமலானின் கடைசிப் பத்து வருகிறது. நாம் பள்ளியில் இஃதிகாஃப் இருக்கிறோம், லைலத்துல் கத்ரைத் தேடுகிறோம். நம் தெருத் தையல்காரர் எங்கே இருக்கிறார்? நாம் 25ஆம் நோன்பில் கொண்டுபோய்ப் போட்ட துணியோடு விடிய விடிய மிஷினில் இருக்கிறார். அவருக்கும் அந்த இரவு வேண்டாமா? வீட்டில் தைக்க முடிந்தவர்கள் பிள்ளைகளின் பெருநாள் உடுப்பை வீட்டிலேயே தைத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் ஷஃபான் மாதத்திலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போது கூலியில் பேரம் பேசாதீர்கள், "பெருநாள் கழித்துத் தருகிறேன்" என்றும் சொல்லாதீர்கள். அவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பெருநாள்தான்.