வெற்று வரிகளும் ஒரு கையொப்பமும்

நற்செயலைக் கணக்கெழுதி வைக்கலாமா? எழுதிய கணக்கைக் காட்டிப் பரிசும் பாராட்டும் பெறலாமா? வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியலாகாது என்று மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. ஆயினும் ஒரு கேள்வி நம் வீட்டுக் கேள்வியாக மாறும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. எங்களுக்கு அது அண்மையில் ஒரு பள்ளி மைதானத்தில் தெரியவந்தது.

எங்கள் தங்கையின் மகன் சாரணர் இயக்கத்தில் ராஜ்ய புரஸ்கார் விருது பெற்றான். மாநில ஆளுநரின் பெயரால் வழங்கப்படும் விருது அது. பிரதமம், த்விதீயம், த்ரிதீயம் என்னும் மூன்று சோபானங்களைக் கடந்தவர்களே அதற்குரிய தேர்வுக்குச் செல்ல இயலும். முடிச்சுப் போடுவது, முதலுதவி செய்வது, திசை அறிவது, கூடாரம் அடிப்பது, திறந்த வெளியில் சமைப்பது எனச் சில ஆண்டுகள் பயின்ற பின்னரே அந்தச் சின்னம் கைக்கு வருகிறது. விருது பெற்ற மாணவர்களைப் பாராட்டப் பள்ளியில் ஒரு விழா எடுத்தார்கள். பெற்றோரே மேடையேறிப் பிள்ளைகளுக்குச் சின்னம் அணிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் தந்தை வளைகுடா நாட்டில் பணிபுரிவதால், தங்கைக்குத் துணையாகத் தாய்மாமன் வீட்டாராகிய நாங்கள் சென்று நின்றோம்.

கொடியேற்றம் முடிந்தது. பிள்ளைகள் மூன்று விரல்களை உயர்த்தி உறுதிமொழியைப் புதுப்பித்தார்கள். அந்த மூன்று விரல்கள் உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிக்கும்: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறர்க்கு உதவி, சாரணர் சட்டத்திற்குப் பணிவு. கட்டைவிரல் மடங்கிச் சுண்டுவிரலை அணைத்துக்கொள்ளும். வலியவர் எளியவரைக் காக்க வேண்டும் என்பது அதன் பொருள். பின்னர்ச் சாரண ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இடக்கை கொடுத்துக் குலுக்கினார். எங்களுக்கு அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் முகம் சுளித்தார். இடக்கையை நீட்டுவது நம் ஊரில் மரியாதைக் குறைவல்லவா? ஆனால் சாரணர் சொல்லும் விளக்கம் வேறு. போர்வீரன் கேடயம் பிடிப்பது இடக்கையில். அந்தக் கையை நீட்டுபவன், தன் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு உன்னை நம்புகிறேன் என்கிறான்.

மேடையிலிருந்து இறங்கியதும் உறவினர் ஒருவர் பையனின் தோளைத் தட்டினார். "அடுத்து ஜனாதிபதி விருதையும் வாங்கிடுப்பா. ரயில்வே வேலையில் அதற்குத் தனி ஒதுக்கீடே இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதில் தவறும் இல்லை. உழைத்து வாழ வேண்டிய வீட்டில் வேலையைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவது? ஆயினும் கைகுலுக்கலில் நாங்கள் கண்ட நம்பிக்கையும், அந்த ஒதுக்கீட்டுக் கணக்கும் மனத்திற்குள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றன.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரவுன்சீ என்னும் சிறு தீவில், பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவரை அழைத்துச் சென்று முகாமிட்டார். செல்வர் பள்ளிகளில் பயின்றவர்களும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கினார்கள். அடுத்த ஆண்டே அவரது நூல் வெளிவந்து இயக்கம் பரவியது. நம் நாட்டில் தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமளிக்கவில்லை. அதனால் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் தனியே ஓர் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று, பிரிந்து கிடந்த சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. கத்தோலிக்கரிடையேயும் முதலில் ஐயம் இருந்தது. பிரான்சில் அந்த ஐயத்தைப் போக்கி, 1920-இல் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு ழாக் செவேன். 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

நாள்தோறும் ஒரு நற்செயல் என்பது இந்த இயக்கத்தின் உயிர்நாடி. அதை மறவாமலிருக்கக் கழுத்துத் துணியின் முனையில் ஒரு முடிச்சிட்டுக்கொள்வது சாரணரிடையே வழங்கிய பழக்கம். செயலை முடித்ததும் முடிச்சை அவிழ்த்துவிடலாம். இந்தப் பழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. முடிச்சு கடமையை நினைவூட்டும். செய்துவிட்ட பெருமையைச் சேர்த்து வைக்காது. மாலையில் துணி வெறும் துணியாகிவிடும். மறுநாள் மீண்டும் ஒரு முடிச்சு, மீண்டும் ஒரு தேவை.

குறிப்பேடு அப்படிப்பட்டதன்று; அதில் எழுதியது நிற்கும். ஆகவேதான் நமக்கு அச்சம் வருகிறது. கோவிலில் நின்று தன் நோன்பையும் காணிக்கையையும் இறைவனிடம் வரிசையாக ஒப்பித்த பரிசேயர் நம் கண்முன் வருகிறார். அவரிடம் குறிப்பேடு இருந்திருந்தால் அதில் ஒரு நாள்கூட வெற்றாக இருந்திராது. அப்படியானால் கணக்கு வைப்பதே குற்றமா? அவ்வாறும் சொல்ல இயலவில்லை. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், ஒரு குறிப்பிட்ட குற்றத்தைக் களைய விரும்புகிறவர் அதில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்கவும், நேற்றைய கோட்டோடு இன்றையதை ஒப்பிடவும் சொல்லிக்கொடுக்கிறார். அதுவும் கணக்குத்தான். பரிசேயர் தம்மை அயலானோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டார். இஞ்ஞாசியாரின் மாணவர் தம்மை நேற்றைய தம்மோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார். முன்னது பிறருக்குக் காட்ட எழுதிய ஏடு, பின்னது தன்னைத் தானே பார்க்கும் கண்ணாடி. வேறுபாடு ஏட்டில் இல்லை. அதன்முன் நிற்பவர் உண்மையாக நிற்கிறாரா என்பதில் இருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

சாரண ஆசிரியர் பிள்ளைகளிடம் நாளொரு நற்செயலை எழுதி வரச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். மே மாத விடுமுறையில் பையன் எங்கள் வீட்டில் இருந்தான். ஏட்டைத் திருப்பித் தர வேண்டிய நாள் நெருங்கியபோது பார்த்தால், பதினொரு நாட்கள் வெற்றாக இருந்தன. கிரிக்கெட்டிலும் தொலைக்காட்சியிலும் அந்த நாட்கள் கரைந்துவிட்டன. அவன் தயங்கினான். நாங்கள் தயங்கவில்லை. "பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்று எழுது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றோம். அவன் பென்சிலால் எழுதினான். நாங்கள் பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டோம். அத்துடன் அதை மறந்தும் போனோம்.

விழா முடிந்த அன்று மாலை, வீட்டில் பலகாரமும் சிரிப்புமாக இருந்தபோது, அந்த ஏடு எங்கள் கைக்கு வந்தது. பெருமையோடு புரட்டினோம். மே மாதப் பக்கத்தில் பதினொரு வரிகளும் அழிக்கப்பட்டிருந்தன. பென்சில் தடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அடியில் எங்கள் கையொப்பம் நீல மையில் தெளிவாக நின்றது.

"ஏன்டா அழிச்சிட்டே?" என்று கேட்டோம்.

"செய்யாததை எழுதி வச்சிட்டு உறுதிமொழி சொல்ல வாய் வரலை மாமா. சார்கிட்ட சொன்னேன். அந்த நாளெல்லாம் வெற்றாவே இருக்கட்டும்னுட்டார்."

"எங்கள் கையெழுத்து?"

"அது பேனா மாமா. அழியலை."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்கு விடை சொன்னான், அவ்வளவே. அதனால்தான் அது எங்களைத் தைத்தது. காலையில் அவன் நெஞ்சில் சின்னத்தைக் குத்திய அதே கைதான் அந்தப் பக்கத்தில் பொய்ச்சாட்சி சொல்லியிருந்தது. அன்றிரவே அந்தக் கையொப்பத்தைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் தேதியிட்டோம். அடித்த கோடும் அழியாது; அது இருக்கட்டும்.

சாரணர் உறுதிமொழியில் ஒரு சொல் நம் கவனத்திற்குரியது. எல்லாவற்றையும் செய்து முடிப்பேன் என்று அந்தச் சிறுவன் சொல்வதில்லை. இயன்றவரை முயல்வேன் என்றே சொல்கிறான். இயன்றவரை என்ற சொல்லுக்குள் தோல்விக்கும் இடம் இருக்கிறது, பொய்க்கு இடமில்லை. வெற்று வரியை அந்த உறுதிமொழி தாங்கிக்கொள்ளும். நிரப்பப்பட்ட பொய் வரியை அதனால் தாங்க முடியாது. பரிசேயருக்குப் பின்னால் தொலைவில் நின்ற வரிதண்டுபவரும் வெற்றுப் பக்கத்தோடுதானே வந்தார்? அதை வெற்றுப் பக்கம் என்றே சொன்னார். வீடு திரும்பியபோது இறைவனுக்கு ஏற்புடையவராகத் திரும்பியவர் அவர்தாம்.

ஆகவே எங்கள் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இது: பிள்ளைகளின் நற்செயலைக் கணக்கெழுதலாம். எழுத்துப் பழகும் குழந்தைக்கு நான்கு கோட்டு நோட்டுத் தேவைப்படுவதுபோல, நன்மை பழகும் பருவத்துக்கு அது உதவும். கை பழகிய பின் கோடுகள் தேவைப்படா. நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதர் நீதியுள்ளவர் ஆகின்றனர் என்று அரிஸ்டாட்டில் கற்பித்ததும் இதுவே. பாராட்டும் விழாவும்கூட வேண்டியவையே. பிள்ளையின் நன்மையைக் கண்டு ஊர் மகிழ்வதில் தீங்கு இல்லை. தீங்கு வரும் வழி வேறு. சின்னத்தின்மேல் கண் வைத்த பெரியவர்கள், அதற்குரிய வரிகளை எப்படியாவது நிரப்பிவிடத் துடிக்கும்போதுதான் அது வருகிறது.

நாம் எத்தனையோ ஏடுகளில் சாட்சிகளாகக் கையொப்பமிடுகிறோம். திருமுழுக்கில் ஞானப் பெற்றோராக நின்று குழந்தைக்காக வாக்குக் கொடுக்கிறோம். திருமணப் பதிவேட்டில் பெயர் எழுதுகிறோம். பள்ளித் தேர்ச்சி அட்டைகளிலும் வேலை விண்ணப்பங்களிலும் நற்சான்றுகளிலும் நம் பெயர் இருக்கிறது. அவற்றுள் எத்தனையை வாசித்துப் பார்த்து இட்டோம்? எத்தனையை உறவுக்காகவும் அவசரத்துக்காகவும் இட்டோம்? நம் பிள்ளைகள் நம் அறிவுரையை மறந்துவிடலாம். ஆனால் நாம் எதன் அடியில் கையொப்பமிடுகிறோம் என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த விருதுக்கான ஏடு இப்போது தொடங்கியிருக்கிறது. வார இறுதியில் பையன் அதை எங்களிடம் கொண்டு வருகிறான். இப்போதெல்லாம் பேனாவை எடுக்குமுன் ஒவ்வொரு வரியையும் வாசிக்கிறோம். இரண்டொரு நாட்கள் வெற்றாகவே இருக்கின்றன. அப்படியே விட்டுவிட்டு, கண்ட நாட்களுக்கு மட்டும் கையொப்பமிடுகிறோம்.