மனமுடைய உயிரும் மனத்தை ஆளும் உயிரும்



விலங்குக்கு ஐந்தறிவு, மனிதனுக்கு ஆறறிவு என்று சிறு பருவம் முதலே சொல்லிப் பழகியிருக்கிறோம். தொல்காப்பிய மரபியல் மக்களை ஆறறிவுயிர் என வகுக்கின்றது. ஆறாவது அறிவாவது மனம். ஆனால், 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் தேவரையும் மக்களையும் நரகரையும் விலங்கையும் பறவையையும் ஐயறிவுயிர் என்னும் ஒரே வகுப்பில் வைத்தார். சமண முனிவராகிய அவர் மனிதனைத் தாழ்த்தினாரா? இல்லை. மனம் என்பது கண், செவி போன்ற புறப்பொறி அன்று. ஆகவே அதனைப் பொறிகளின் வரிசையில் எண்ணாது விடுத்தார்.

நம் ஆகமங்கள் ஐம்பொறி உயிர்களை மனமுடையவை, மனமற்றவை என இரண்டாகப் பிரிக்கின்றன. பசுவும் யானையும் குதிரையும் கிளியும் மனமுடைய உயிர்களே. மனமுடைமைக்கு அடையாளம் யாது? நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம் அதனை விளக்குகின்றது. கற்பித்தால் கற்றல், காட்டியபடி செய்தல், அறிவுரையை ஏற்றல், அழைத்தால் உணர்தல் ஆகியனவே அவ்வடையாளங்கள். பெயர் சொல்லி அழைத்தவுடன் தலை நிமிரும் பசுவை அறியாதார் நம்முள் யார்?

அறிவியலும் இவ்வுண்மையைக் கண்டறிந்துள்ளது. 1960ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் அம்மையார், சிம்பன்சிக் குரங்கு ஒன்று சிறு குச்சியின் இலைகளை உருவி, அதனைப் புற்றில் நுழைத்துக் கறையான் பிடித்து உண்பதைக் கண்டார். கருவி செய்யும் உயிர் மனிதன் மட்டுமே என்று எண்ணியிருந்தோர் வியந்தனர். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிஞர்கள், பாலூட்டிகளும் பறவைகளும் உட்பட உயிர்கள் பலவற்றிற்கு உணர்வுநிலைக்கு வேண்டிய நரம்பமைப்பு உண்டு என்று அறிவித்தனர். விலங்குக்கும் மனம் உண்டு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. கொல்லாமையின் வேர் அங்குத்தான் இருக்கின்றது.

அவ்வாறாயின் மனிதனின் எண்ணத்திற்கும் விலங்கின் எண்ணத்திற்கும் வேறுபாடுதான் யாது?

உணவு, அச்சம், இணைவிழைச்சு, உடைமைப்பற்று என்னும் நான்கு வேட்கைகளும் இருவர்க்கும் பொதுவே. அறிவுக்கூர்மையில் மனிதன் மிக்கவன் என்பது உண்மை. ஆனால் அக்கூர்மை அவனை உயர்த்துகின்றதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

யசோதர காவியத்தின் கதையை நினைவுகூருங்கள். உஞ்சயினி மன்னன் யசோதரன் உயிர்ப்பலிக்கு இசையவில்லை. எனினும் தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்டமாட்டாது, மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிட்டான். அங்கே ஓர் உயிரும் மாயவில்லை; ஆயினும் கொல்லும் கருத்து இருந்தது. அக்கருத்தின் பயனாக மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, மேலும் பல பிறவிகளில் உழன்றனர். மாவினால் ஒரு வடிவம் செய்து, அதனை உயிரென்று கருதி வெட்டும் செயல் எந்த விலங்குக்கும் இயலாது. இல்லாத ஒன்றை எண்ணத்தால் படைக்கும் ஆற்றல் மனிதனுடையது. அவ்வாற்றலே வினைக்கும் வாயிலாகின்றது.

சினத்தையும் இவ்வாறே காணலாம். மேய்ச்சல் நிலத்தில் இரு காளைகள் முட்டிக்கொள்கின்றன. சிறிது பொழுதில் அருகருகே நின்று புல் மேய்கின்றன. மனிதனோ, தந்தை காலத்து வரப்புத் தகராறைப் பேரன் காலம் வரை சுமக்கின்றான். விலங்கின் சினத்திற்கு எதிரே ஒரு பொருள் இருத்தல் வேண்டும். மனிதனின் சினத்திற்கு நினைவு ஒன்றே போதும்.

நம் ஆசாரியர்கள் சினத்தை நான்காக வகுத்தனர். நீரின்மேல் கோடு உடனே மறையும். மணல்மேல் கோடு சிறிது நேரம் நிற்கும். நிலத்தின் வெடிப்பு மழை வரும்வரை நிற்கும். பாறையில் பிளந்த கோடு மறைவதே அரிது. ஆறு திங்களைக் கடந்தும் நெஞ்சில் நிற்கும் பகை பாறைக்கோட்டின் இனமாகி, நற்காட்சியையே மறைத்துவிடும் என்பது அவர்தம் எச்சரிக்கை.

இனி மறுபக்கத்தைக் காண்போம். மகாவீரர் தம் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தார்; இரு சாரண முனிவர்களின் அறவுரையைக் கேட்டுக் கொலைத்தொழிலைக் கைவிட்டார். பார்சுவநாதர் தம் முற்பிறவியில் யானையாக இருந்தபோது அரவிந்த முனிவரால் அறம் பெற்றார். பதினான்கு குணஸ்தானங்களுள், மனமுடைய விலங்கு ஐந்தாம் படியாகிய அணுவிரத நிலைவரை ஏறலாம். விரதம் ஏற்க இயலாத தேவர்களோ நான்காம் படியிலேயே நிற்பர். ஆறாம் படியாகிய முழுத்துறவும் அதற்கு மேற்பட்ட நிலைகளும் மனிதப் பிறவிக்கே உரியன.

இதனின்று நாம் தெளிய வேண்டியது யாது? மிகுதியாக எண்ணுவது மனிதச் சிறப்பன்று. தன் எண்ணத்தைத் தானே எதிரே நிறுத்தி, “இது தகுமா?” என்று வினவி, தகாதாயின் முற்றும் துறக்க வல்லதே அச்சிறப்பு. சிங்கத்திற்கு அதனை உணர்த்த வானின்று முனிவர் இறங்கி வர வேண்டியிருந்தது. நமக்கோ பிரதிக்கிரமணம் என்னும் பயிற்சியை ஒவ்வொரு நாளுக்கும் வகுத்துத் தந்துள்ளனர். செய்த பிழையை நினைத்தல், அதற்கு வருந்துதல், மீண்டும் செய்யேன் என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள்.

இல்லத்தரசியராகிய சகோதரிகளே! கதிர் மறையுமுன் உணவு முடித்து விளக்கேற்றியபின், கால் நாழிகைப் பொழுதைப் பிள்ளைகளோடு இதற்கென ஒதுக்குங்கள். இன்று யாரை நோகச் செய்தோம்? தேவைக்கு மேல் எதை விரும்பினோம்? யார்மேல் சினம் எஞ்சியிருக்கிறது? இம்மூன்று வினாக்களையும் பெரியோர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பதைக் காட்டிலும் கண்டதையே விரைவில் கற்பர் என்பது பள்ளியில் நாள்தோறும் விளங்கும் உண்மை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களினின்று நம் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. நாம் எண்ணிக்கையில் சிறியோர். பாகப்பிரிவினையாலோ, திருமணத்தில் நேர்ந்த ஒரு சிறு குறையாலோ அண்ணன் தம்பி பேச்சற்றுப் போனால், ஊர் ஜினாலயத்தில் திருவிழாவிற்கு யார் சேர்ந்து நிற்பது? உங்கள் மனத்தில் அத்தகைய கோடு ஒன்று உண்டா? அதற்கு ஆறு திங்கள் ஆகிவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். ஆகவில்லையெனில் இன்றே அழியுங்கள். ஆகிவிட்டதெனில் இன்னும் விரைந்து அழியுங்கள். தசலட்சண பருவத்தின் முதல் அறமே பொறுமை. அதற்கு அடுத்த ஆண்டுவரை காத்திருத்தல் வேண்டா.

மனம் பெற்றது நம் முன்வினைப் பயன். அதனை ஆள்வது நம் முயற்சி. அம்முயற்சி எல்லா இல்லங்களிலும் ஓங்குக! அறம் வளர்க!