படத்தின் ஓரத்து ஆட்கள்

வில்லியம் ஹென்றி பைன் என்ற இங்கிலாந்து ஓவியர் 1803 முதல் சில ஆண்டுகள், உழைக்கும் மனிதர்களைச் சின்னச் சின்ன உருவங்களாக வரைந்து 'மைக்ரோகாஸம்' என்ற தொகுப்பாக வெளியிட்டார். ஆயிரம் குழுக்களுக்கு மேல். எதற்கென்று அதன் நீண்ட தலைப்பே சொல்லிவிடுகிறது: நிலக்காட்சிக்கு அழகு சேர்க்க. மரமும் வானமும் கைவந்து, ஆள் வரைய வராதவர்கள் இதிலிருந்து ஒருவரை எடுத்துத் தங்கள் வயலில் நிறுத்திக்கொள்ளலாம்.

அக்காலத்து ஓவியர்கள் பென்சிலில் கோடிழுத்து, மேலே மெல்லிசாக நீர்வண்ணம் ஓட்டிய கிராமத்து மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். மூட்டை தூக்குகிறவனின் முழங்கால் மடிப்பிலேயே பாரம் தெரியும். முகத்தில்தான் ஒன்றும் இருக்காது. ஒரு புள்ளி, தொப்பியின் நிழல், அவ்வளவுதான்.

அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் பெண்கள் அந்த ஓவியர்களுக்குப் பிரியமான காட்சி. 1787இல் சஃபோக் பகுதியில் அப்படிப் பொறுக்கிய மேரி ஹௌட்டன் என்ற செருப்புத் தொழிலாளியின் மனைவிமேல் நிலக்காரர் வழக்குப் போட்டார். பொறுக்குவது யாருக்கும் சட்டப்படி உரிமை இல்லை என்று நீதிபதிகள் நால்வரில் மூவர் தீர்ப்பளித்தார்கள். நீதிமன்ற ஏட்டில் அவளுக்குப் பெயராவது கிடைத்தது. படங்களில் குனிந்து நிற்பவர்களுக்கு அதுவும் இல்லை.

பைனைத் திட்டவும் மனம் வரவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் அந்த முழங்காலை வரைய முடியாது. கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறைக்கும் போனவர் அவர். கவனமாகப் பார்ப்பதும் ஒருவரை மனுஷராகப் பார்ப்பதும் ஒன்றுதானா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

போன வருடம் எங்கள் தெருவில் சாலை போட்டார்கள். சாயங்கால வெயில், தார்ப்புகை, நடுவே ஜல்லிக்கூடையோடு ஒரு அம்மா. கைப்பேசியில் எடுத்தேன்.

"என்ன சார் எடுத்தீங்க, காட்டுங்க" என்று கிட்டே வந்தார்.

காட்டினேன். "புகை நல்லா வந்திருக்கு. என் மூஞ்சி எங்க?"

வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தது. அவர் வெறும் கறுப்பு உருவம். அதுதான் அழகு என்று நினைத்து எடுத்ததை அவரிடம் எப்படிச் சொல்ல? இன்னொன்று எடுக்கட்டுமா என்றேன். கூடையை இறக்கி, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்து, கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார். பின்னால் தண்ணீர் லாரியின் பாதி. பத்திரிகை எதுவும் போடாத படம். அதைத்தான் தன் மகன் நம்பருக்கு அனுப்பச் சொன்னார்.