உண்ணா நோன்பும் உணவின்மையும்

பிலிமத்தலாவைக்கு அணித்தாயுள்ள கடலாதெனிய விகாரை, கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பியின் தலைமையில் 1344 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அவ்விகாரை சார்ந்த பௌத்த மரபிலே துறவியர் நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை. அதே கண்டி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், 1974 ஆம் ஆண்டில், நண்பகலுக்கு முன்னும் பின்னும் உண்பதற்கு ஏதுமின்றித் தொழிலாளர் வாடினர். இரண்டும் உணவுக் குறைவே. எனினும் ஒன்றினை நோன்பு என்பர். மற்றதனைப் பட்டினி என்பர். இவ்வேறுபாடு மனத்தின் கற்பிதந்தானா, அன்றி உடலும் அதனை அறியுமா என்பது ஆராயத்தக்கதொன்று.

உடலின் சார்பிற் சாட்சி கூறவல்ல உறுப்பு கல்லீரலாகும். உண்டதன் மிகுதியைக் கிளைக்கோசனாகச் சேமிப்பதும், உண்ணாத வேளையில் அதனைக் குளுக்கோசாக்கிக் குருதிக்கு வழங்குவதும் அதன் பணி. ஏறத்தாழ ஒரு நாட் பட்டினியில் அச்சேமிப்புத் தீர்ந்துவிடும். அதன்பின் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எடுத்துச் செலவிடத் தொடங்குகிறது. கல்லீரற் கலங்களோ தம்முள்ளே பழுதடைந்த பகுதிகளைத் தாமே சிதைத்துப் பயன்கொள்கின்றன. எலியின் ஈரலை ஆராய்ந்து, சிதைவுக்கான நுண்பைகளை 1955 இல் இனங்கண்டவர் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியன் டி டூவ். இத்'தன்னுண்ணல்' முதுமையிற் தளர்கிறது; கழிவு நிறமிகள் கலங்களிற் படிகின்றன; ஈரலின் பருமனும் அதனூடு பாயும் குருதியும் குறைகின்றன. உணவைக் குறைத்தால் தன்னுண்ணல் தூண்டப்படும் என்பதே நெடுவாழ்வு நாடுவோரின் நம்பிக்கைக்கு அடிப்படை.

அந்நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றதன்று. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து மக்கேயும் அவர்தம் தோழரும், குறையுணவு பெற்ற எலிகள் நெடிது வாழ்ந்தமையை 1935 இல் வெளியிட்டனர். குரங்குகளில் நிகழ்ந்த இரு நீண்ட ஆய்வுகளோ தம்முள் மாறுபட்டன: விஸ்கொன்சின் ஆய்வு 2009 இல் நன்மை கண்டது, அமெரிக்கத் தேசிய முதுமை நிறுவனத்தின் ஆய்வு 2012 இல் ஆயுள் நீளக் காணவில்லை. மனிதர் இரண்டாண்டுகள் நூற்றுக்கு 25 வீதம் குறைத்துண்ண முயன்ற பரிசோதனையில், அவர்களாற் குறைக்க முடிந்தது ஏறத்தாழ 12 வீதமே. நன்கு உண்ணும் மனிதனுக்குத் துறவு அத்துணை எளிதன்று போலும்! ராகமையில் நடுவயதினரிடையே நிகழ்ந்து 2009 இல் வெளியான ஆய்வு, மூவரில் ஒருவருக்கு மதுவினாலன்றியே ஈரலிற் கொழுப்புப் படிந்திருந்ததைக் காட்டியது. அத்தகையோருக்கு உணவைக் குறைப்பது மருந்தே என்பதில் ஐயமில்லை.

ஆயின் 1974 இன் தோட்டங்களை நோக்குக. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏற, கூப்பன் அரிசி குறைந்தது. தொழிலாளரின் அன்றாட ரொட்டிக்கான கோதுமை மா அரிதாயிற்று. பயிரிடச் சொந்த நிலமற்றவர்கள் அவர்கள். கூலியே அவர்தம் வயல். தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் ஏனைய பகுதிகளை விஞ்சி உயர்ந்தது. டி டூவ் நொபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டதும் அதே 1974 இல் என்பது வரலாற்றின் கொடிய தற்செயல்.

ஈரலுக்கு நோக்கம் தெரியாது. துறவியின் ஈரலும் தொழிலாளியின் ஈரலும் ஒரே இரசாயன விதிக்கு உட்பட்டவை. எனவே வேறுபாடு வெறுஞ் சொல்லே என்று ஒருவர் வாதிடலாம். முதல் நாளைப் பொறுத்தவரை அவ்வாதம் செல்லும். அடுத்த வாரத்தைப் பொறுத்துச் செல்லாது. மக்கேயின் எலிகளுக்குக் குறைந்தது கலோரியே. உயிர்ச்சத்தும் கனியுப்பும் குறையவில்லை. புரதமுங் குறைந்த பட்டினியிலோ விந்தையானதொன்று நிகழ்கிறது. மெலிந்த குழந்தையின் ஈரல், கொழுப்பை வெளியே அனுப்பும் புரதத்தை ஆக்கமாட்டாது, கொழுப்பேறி வீங்குகிறது. மிகையுண்டவனுக்கு வரும் நோய் உண்ணாதவனுக்கும் வருகிறது. ஆகவே உடல் நோக்கத்தை அறியாவிடினும், அந்நோக்கத்தை இயலச்செய்யும் வாழ்நிலையை அறிகிறது. நோன்பிருப்பவன் மறுநாள் உணவு உண்டென்னும் உறுதியின்மேல் நின்று உண்ணாதிருக்கிறான். அவ்வுறுதி இல்லாதவனிடம் 'குறைவாக உண்பவர் நெடுநாள் வாழ்வர்' என்று கூறுவது அறிவுரையன்று, ஏளனம்.

இவ்வேளனம் இல்லங்களுக்குள்ளும் நுழைவதுண்டு. 'வயதுபோன காலத்தில் எதற்குச் சாப்பாடு, கொஞ்சம் போதும்' என்னும் பேச்சு பல வீடுகளிற் கேட்பதே. முதுமையில் உடலுழைப்புக் குறைவதால் தேவையான கலோரியும் சற்றுக் குறையும் என்பது மெய். ஆனால் தசை கரையும் அப்பருவத்திற் புரதத்தின் தேவை குறைவதில்லை. தாத்தாவின் தட்டிலிருந்து எடுக்கப்படுவது சோறல்ல. பெரும்பாலும் மீனும் பருப்பும் முட்டையுமே. சிக்கனத்துக்கு மருத்துவத்தின் பெயரைச் சூட்டுவது எளிது. குறைத்துக்கொள்ளும் முடிவு முதியவருடையதாயின் அது நோன்பு. மருமகளுடையதோ மகனுடையதோ ஆயின் அதன் பெயர் வேறு.

புறநானூற்றுப் பிசிராந்தையார் ஆண்டுகள் பலவாகியும் நரையின்றி இருந்தவர். காரணம் வினவியோர்க்கு அவர் தம் உணவைக் குறித்து ஏதும் கூறினாரல்லர். மனைவியின் மாண்பு, மக்களின் அறிவு, ஏவலரின் இசைவு, தீமை புரியாது காக்கும் வேந்தன், தம் ஊரில் வாழும் சான்றோர் என்பனவற்றையே கூறினார். அவரே பின்னர்க் கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்து, உண்ணாது உயிர்நீத்தார். இளமை குன்றாது வாழ்ந்ததற்கு அவர் பிறரைக் காரணம் காட்டினார். உண்ணாது இறந்ததற்கோ அவரையன்றி வேறெவரும் காரணரல்லர். 1974 இல் மாண்ட தோட்டத் தொழிலாளர் எவரும் வடக்கிருந்தாரல்லர்.