பிடி கொடுத்தல்

அந்த பம்பர் பறந்து வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் பிரிகிற மண்பாதை. ஐப்பசி மழை. பக்கத்துத் தோட்டத்து ஜீப் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கி நின்றது. நான் என் ஜீப்பை முன்னால் நிறுத்தி, கம்பிவடத்தை அந்த வண்டியின் பம்பரில் சுற்றி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பம்பர் மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. என் வண்டியின் பின்படுதாவைக் கிழித்து, குறுக்குக் கம்பியை வளைத்து, என் பக்கத்து இருக்கையில் வந்து விழுந்தது. சற்று முன்புவரை அதில் எங்கள் தோட்டத்து வேலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வடத்தை மாட்ட இறங்கியவர் திரும்ப ஏறாததால் பிழைத்தார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. என் வண்டியும் அந்த நிலையில்தான் இருந்தது. 1991-இல் அப்பா வாங்கிய மகிந்திரா எம்எம் 540, பெஜோ டீசல் இன்ஜின். முன்னாலும் பின்னாலும் கொக்கி கிடையாது. “மாட்டிக்கிட்டாத்தானடா கொக்கி வேணும்” என்பார் அப்பா. மழைக்காலம் முழுக்க ஏல மூட்டையும் ஆட்களுமாக ஏறி இறங்கியவர், ஒருநாளும் யாரிடமும் கயிறு கேட்டதில்லை. வண்டியில் மட்டுமல்ல. கடன், நோய், மனக்கஷ்டம் எதிலும் அப்படித்தான். “உங்கப்பா பிடி கொடுக்க மாட்டாரப்பா” என்று ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில் அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

பிடி என்ற அந்தச் சொல்தான் என்னை அப்பத்தாவிடம் கொண்டுபோனது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் வீட்டில் தென்கலை நாமம். குரங்குக்குட்டி கதையையும் பூனைக்குட்டி கதையையும் அவளிடம்தான் கேட்டேன். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போய்விடும். குரங்குக்குட்டி பக்கம் நிற்கிற, வேதாந்த தேசிகர் வழியில் வந்தவர்கள், பகவான் தூக்குவதற்கு ஜீவன் தன் பங்குக்கு ஏதோ சிறு செயலாவது செய்ய வேண்டும் என்பார்கள். அது அருளுக்குக் கொடுக்கும் விலையாகாது. அருள் இறங்குவதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். வியாஜம் என்று அதற்குப் பெயர். பூனைக்குட்டி பக்கமான எங்கள் தென்கலையில், பிள்ளை லோகாசாரியர் வழியில், அதுவும் வேண்டியதில்லை. தூக்க வருகிறவனை விலக்காமல் இருந்தால் போதும். விலக்காமை என்பதே அவர்கள் ஆளும் சொல்.

அந்த லோகாசாரியர்தான், ஸ்ரீரங்கத்தின்மேல் படை வந்தபோது, தள்ளாத வயதில் அந்தக் கோயில் பெருமாளான அழகிய மணவாளனை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே நடந்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. வழியில், ஜோதிஷ்குடியில் உயிரை விட்டார். மதுரை யானைமலை அடிவாரத்துக் கொடிக்குளம்தான் அந்த ஊர் என்பார்கள். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அவன் தூக்குவான் என்று எழுதியவர், கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பம்பர் பறந்த மறுவாரம், கொக்கி வைக்க என் வண்டியைப் போடியில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் முதலில் அதன் பம்பரைக் கழற்றினார். அதைச் சேசிஸோடு பிடித்திருந்த போல்டுகளைக் கையில் வைத்துக் காட்டினார். பம்பரின் பாரத்தைத் தாங்கத்தான் அவை. சேற்றில் புதைந்த வண்டியைத் தாங்க அல்ல. சக்கரத்தின் பாதிக்குமேல் புதைந்தாலே, வெளியே எடுக்க வண்டியின் எடை அளவுக்கு இழுவை வேண்டியிருக்கும். சக்கரம் முழுக்கப் புதைந்தால் இரண்டு மடங்கு. நைலான் பட்டையால் வெட்டி இழுக்கும்போது இன்னும் மோசம். பட்டை ரப்பர் மாதிரி நீண்டு விசையைச் சேர்த்து வைக்கும். ஏதாவது அறுந்தால் அத்தனை விசையும் அறுந்த இரும்போடு பறக்கும். பெரிய வண்டிகளில் டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் பட்டையைப் போட்டு இழுத்து, அது முறிந்து வந்து தாக்கி ஆட்கள் செத்திருக்கிறார்கள். லாரியில் ஏற்றும்போது கட்டிவைக்க விட்டிருக்கும் வளையமும் இழுவைக்கு ஆகாது.

பிறகு அண்ணன் சுத்தியலை எடுத்தார். சேசிஸின் இரண்டு முனைகளையும் சுரண்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணி மாதிரி சொல்லும். இடது பக்கம் சொன்னது. வலது பக்கம் ஓர் இடத்தில் மண்சட்டி மாதிரி ‘தொப்’பென்றது. மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. “இதுல கொக்கியைப் பத்தவச்சுத் தந்துருவேன் தம்பி, பார்க்க ஜோராத்தான் இருக்கும். இழுக்கும்போது கொக்கி அறுந்துபோகாது, சேசிஸோட வரும்” என்றார். துரு தின்ற பகுதியை வெட்டி எடுத்துப் புது இரும்பு சேர்க்க நான்கு நாள் ஆனது.

கொக்கியை வெல்டிங்கில் விடாமல் போல்டில் பிடித்தோம். 10 மி.மீ. தகடு, பக்கத்துக்கு நான்கு போல்ட், எல்லாம் 12 மி.மீ., தலையில் 8.8 என்று பொறித்தவை. அந்த ரகத்தில் ஒன்றை நேராக இழுத்து அறுக்கவே ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைந்த விசை வேண்டும். குறுக்காக வெட்டும் விசைக்கு அவ்வளவு தாங்காது. அதனால்தான் நான்கு. முறுக்கும்போது சேசிஸ் பெட்டி நசுங்காதபடி ஒவ்வொரு போல்டுக்கும் உள்ளே ஒரு குழாய்த்துண்டு. பட்டையை மாட்டும் ஷேக்கிளும் 4.75 டன் என்று எழுத்துப் பொறித்தது. எழுத்தில்லாததை அண்ணன் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் கொக்கி இருந்தால் ஒரே பட்டையை இரண்டிலும் கோத்து நடுவில் இழுக்கலாம், பாரம் இரண்டு பக்கமும் பிரியும்.

இந்தக் கொக்கிகள் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாது. வருடக்கணக்கில் சும்மா இருக்கும். தேசிகர் சொன்ன சாக்கு இதுதானே என்று பட்டறை வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க, இரண்டு கதைகளிலும் இல்லாத ஒன்று என்னை உறுத்தியது. குட்டியின் பிடி நழுவினால் விழுவது குட்டி மட்டும். தாய்க்கு ஒன்றும் ஆகாது. பகவானுக்கு அது பொருந்தும். மனிதருக்குள் அப்படியா? அன்று சேற்றில் புதைந்தவருக்குக் கீறல்கூட இல்லை. சாகப் பார்த்தது இழுக்கப் போன நாங்கள். உதவி கேட்டுக் கையை நீட்டுகிறவன், தன்னில் எந்த இடம் தாங்கும், எது துருவேறியது என்று முன்பே தட்டிப் பார்த்திருக்கக் கடமைப்பட்டவன். பிடியே கொடுக்காதது ஒரு குற்றமென்றால், பொய்ப்பிடி கொடுப்பது அதைவிடப் பெரியது. அப்பாவின் வைராக்கியத்தைப் பெருமை என்று நினைத்தது தவறு என்று எனக்கு அன்றுதான் பட்டது.

தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, வலது பக்கம். கட்டிலிலிருந்து எழுப்ப அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். வேறு எதைப் பிடிப்பது? பிசியோதெரபிக்கு வந்த பெண் பதறித் தடுத்தார். விழுந்துபோன கையை இழுத்தால் தோள் மூட்டு விலகிவிடுமாம். இடுப்பில் அகலமான துணிப் பெல்ட்டைக் கட்டி அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று கட்டிக் காட்டினார். கையும் பம்பர்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பெல்ட் கட்டப் போனால் அப்பா இடது கையை விலாவோடு ஒட்டி இறுக்கிக்கொள்வார். கண்ணைப் பார்க்க மாட்டார். உடம்பையே கல்லாக்கிக்கொள்வார். பூனை கவ்வினால் குட்டி காலைச் சுருக்கித் துவண்டு கொடுக்கும், தூக்குவது எளிது. விலக்காமை என்றால் ஏதோ சும்மா கிடப்பது என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்கு அது எத்தனை கடினமாக இருந்தது என்பதைத் தினமும் காலையில் என் கைகளில் உணர்ந்தேன்.

பங்குனி கடைசியில் ஒருநாள். வழக்கம்போல் பெல்ட்டோடு குனிந்தேன். அப்பா இடது கையை மெல்ல விலாவிலிருந்து எடுத்து என் தோளில் வைத்தார். பெல்ட் சுற்றிவர வழி கிடைத்தது. கொக்கியை மாட்டும்போது, குழறிய வாயால், “இறுக்கிக் கட்டுடா” என்றார்.